பெருக்கினால் எப்போதும் கூடுமா?

ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வின் கணக்கு விடைத்தாள் இந்த வாரம் வீட்டுக்கு வருகிறது. மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் ஒரு கணக்கைத் தேடிப் பாருங்கள். கத்தரிக்காய் கிலோ 60 ரூபாய் என்றால் 0.75 கிலோ என்ன விலை? நிறையப் பிள்ளைகள் 60ஐ 0.75ஆல் வகுத்து 80 ரூபாய் என்று எழுதியிருக்கிறார்கள். முழுக் கிலோவே 60தான். இதே பிள்ளைகளைக் கடைக்கு அனுப்பினால் முக்கால் கிலோவுக்கு 45 ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிடுவார்கள்.

விலை குறைய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை சரி. ஆனால் 'பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும்' என்று சின்ன வகுப்பிலேயே மனதில் பதிந்துவிட்டதால் வகுத்துவிட்டார்கள். தயவுசெய்து இதற்காகத் திட்டாதீர்கள். கணிதக் கல்வி ஆய்வாளர் எஃப்ரைம் ஃபிஷ்பெய்னும் அவருடைய உடனாய்வாளர்களும் இத்தாலிய மாணவர்களிடம் ஆராய்ந்து 1985இல் வெளியிட்ட கட்டுரையில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட இதே நினைப்பால் தடுமாறியதைக் காட்டியிருக்கிறார்கள்.

பெருக்கும் எண் 1ஐவிடப் பெரியதா, சிறியதா என்று முதலில் பார்க்க வேண்டும். 8ஐ 2ஆல் பெருக்கினால் 16. 1ஆல் பெருக்கினால் 8 அப்படியே நிற்கும். பாடப்புத்தகம் 1ஐப் பெருக்கல் சமனி என்று சொல்வது இதனால்தான். அரையால் பெருக்கினால் 4, அதாவது எட்டில் பாதி.

வகுத்தலில் குழப்பம் இன்னும் அதிகம். 3ஐ அரையால் வகுத்தால் 6. "வகுத்தா எப்படி சார் கூடும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. 3 லிட்டர் எண்ணெயை அரை லிட்டர் பாட்டில்களில் ஊற்றினால் ஆறு பாட்டில் நிரம்பும். எண்ணெய் ஒரு சொட்டும் கூடவில்லை. 3 என்பது லிட்டர், 6 என்பது பாட்டில். வகுத்தலை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போடுவதாக மட்டுமே சொல்லிக்கொடுத்தால், அரை ஆளுக்கு எப்படிப் பங்கு போடுவது என்று பிள்ளை விழிக்கும். 'இதில் அது எத்தனை முறை அடங்கும்?' என்று கேட்கவும் பழக்க வேண்டும். தலைகீழாக்கிப் பெருக்கும் சுருக்குவழி அதற்கு அப்புறம் வரட்டும். முதலிலேயே கொடுத்தால் விடை வந்துவிடும், விளங்காது.

ஏழாம் வகுப்பில் குறை எண்கள் (−3 போலப் பூச்சியத்துக்குக் கீழே உள்ளவை) வந்ததும் கூட்டல், கழித்தலுக்கும் இதே கதிதான். 5 + (−3) = 2. 5 − (−3) = 8. பழங்காலக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் மிகை எண்ணைச் செல்வமாகவும் குறை எண்ணைக் கடனாகவும் வைத்து விதிகளைச் சொன்னார். இன்றைக்கும் வகுப்பில் அதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூவாயிரம் ரூபாய்க் கடன் தள்ளுபடியானால் அந்த வீட்டின் நிலை மூவாயிரம் உயர்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். பிள்ளை பேனாவை எடுக்கும் முன், "விடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? ஏன்?" என்று கேளுங்கள். உங்களுக்கே விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கேளுங்கள். டியூஷனுக்கு அனுப்புபவர்கள் அங்கும் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் மாலை பள்ளி விட்டதும் கணக்காசிரியரையோ என்னையோ வந்து பார்க்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்