கூலண்ட் குறைந்தால் ஒழுகலைத் தேடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

29 வருடம் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஊர் தக்கலை பக்கம். அந்தக் காலத்தில் விடியற்காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் பஸ்ஸை எடுப்போம். அதே பழக்கத்தில், என் காரில் கூலண்ட் (எஞ்சின் சூட்டைத் தணிக்கும் திரவம்) குறைந்தபோதெல்லாம் வீட்டுக் கிணற்று வெள்ளத்தை, அதாவது தண்ணீரை, ஊற்றினேன். இரண்டு மாதத்தில் நான்கு முறை. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, "வெயில் காலம்லா அண்ணாச்சி, கொஞ்சம் குறையும், ஊத்திக்கிடுங்க" என்றார்கள்.

போன மாதம் மனைவியை மருத்துவரிடம் காட்டத் திருவனந்தபுரம் கிளம்பினோம். குழித்துறை தாண்டியதும் நெரிசல், வண்டிகள் நகரவில்லை. ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்று கிடைக்கும். நின்ற வண்டிக்கு ரேடியேட்டர் ஃபேன் மட்டும்தான். ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட் ஓரத்தில் ஆவி, கூடவே இனிப்பாக ஒரு வாடை. ஓரங்கட்டி அணைத்தேன்.

உதவ வந்த டெம்போ ஓட்டும் தம்பி, துணியைச் சுற்றி மூடியைத் திறக்கப் போனான். கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். மூடிக்குள் அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கி நிற்கும். திறந்த நொடியில் பொங்கி முகத்தில் அடிக்கும். அந்தப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, குடிநீர் பாட்டில் இரண்டை ஊற்றி மார்த்தாண்டம் திரும்பினோம். அதற்குள் சைலன்சரில் வெள்ளைப் புகை. தண்ணீர் கலந்து ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தது. எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. செலவு 34,000 ரூபாய். மனைவியின் சிகிச்சையும் ஒரு வாரம் தள்ளிப்போனது.

ஒழுகியது, கூலண்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் சீல். சொட்டுவது சூட்டிலேயே காய்ந்துவிட்டதால் தரையில் தடமே இல்லை. கூலண்ட் பெட்ரோலைப் போலச் செலவாகிற பொருள் அல்ல. மூடிய வழியில் சுற்றி வருவது. வருடத்துக்கு ஒரு விரல் அளவு குறைந்தால் சரி. மாதாமாதம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அந்த ஒழுகல் நம் கண்ணுக்குத் தெரியாமலே போகும். கூலண்டில் இருக்கிற துருத்தடுப்பு மருந்தும் நீர்த்துப்போகும். குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் உப்பு வெள்ளம் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்க்குள் படிவு கட்டிவிடும். அவசரத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றலாம், ஒர்க்‌ஷாப் போய்ச் சேரும்வரை மட்டும். அப்புறம், தரையில் சொட்டிய கூலண்டை உடனே கழுவிவிடுங்கள். இனிப்புச் சுவைக்காக நாயும் பூனையும் நக்கும். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் விஷம்.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். கூலண்ட் குறைகிறது என்று யாராவது வந்தால், ஊற்றி மட்டும் அனுப்பாதீர்கள். ரேடியேட்டரில் காற்றழுத்தம் ஏற்றிப் பார்க்கும் கைப்பம்பு இருக்கிறது. அதை மாட்டிப் பாருங்கள். என்ன ஊற்றினீர்கள், எவ்வளவு ஊற்றினீர்கள் என்று பில்லிலும் எழுதிக் கொடுங்கள்.

- ஓய்வுபெற்ற ஓட்டுநர், தக்கலை