கேட்டேன், கேட்டேன், கேட்டேன்

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருப்பது பெரிய நிம்மதி. இங்கே மழை விட்டுவிட்டது. உன் அக்காவின் வெள்ளாமை கதிர் தள்ளி நிற்கிறதாம்.

சரி, லண்டனில் உன் பேத்தி உன்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று எழுதியிருந்தாயே, அந்தக் கதைக்கு வருகிறேன். சின்ன வயதில் டாங்கில் குளித்தேன் என்று நீ சொன்னதும், கூரைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்குள் தாத்தா இறங்கினார் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. இதற்கு ஏன் வெட்கப்படுகிறாய்? நீ சொன்னது பிழையே இல்லை. இலங்கை ஆங்கிலத்தில் குளம் என்றால் டாங்க்தான். உன்னிச்சைக் குளத்தை உன்னிச்சை டாங்க் என்றுதானே எழுதுகிறார்கள்! அந்தச் சொல் இந்தியாவின் மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனதாக அகராதிகள் சொல்லும். லண்டனில் அது தொட்டியோடு நின்றுவிட்டது, அவ்வளவுதான். ரெசவோயர் என்று சொல், அவளுக்கு விளங்கும். ஆனால் டாங்க் என்பதையும் விடாமல் சொல்லிக்கொடு. அது நம் ஊர்ச் சொல்.

நம் வாவிக்கும் இதே கதிதான். வாவிக்கரை வீதியை லேக் ரோட் என்கிறோம். லேக் என்றால் நிலத்துக்குள் அடங்கிய ஏரி. நம்முடையது அப்படியா? ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீண்டு, பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தில் கடலோடு கலக்கிறது. அதற்கு லகூன் என்பதே பொருத்தம். தமிழில் களப்பு. ஊரின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்க, பிள்ளைகள் லேக் என்று எழுதும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

ஆனால் என்னை இந்த மாதம் முழுக்க யோசிக்க வைத்தது வேறொரு சொல். நான் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பின்னேர வகுப்பில் ஒரு பையன், அப்பாவிடம் சைக்கிள் கேட்டேன் என்பதற்கு ஆஸ்க் போடாமல் 'ஹேர்ட்' என்று எழுதியிருந்தான். சிவப்புக் கோடு போடப் போனவன் கையை நிறுத்திவிட்டேன். அவன் தமிழில் சரியாகத்தான் யோசித்திருக்கிறான். பாட்டுக் கேட்டேன், சத்தம் கேட்டது, காசு கேட்டேன், எல்லாம் நமக்கு ஒரே 'கேள்'. வினவு, செவிமடு என்று தனிச்சொற்கள் இருந்தாலும் வீட்டில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? ஆங்கிலக்காரனுக்கு இது மூன்று வேலை. தானாகக் காதில் விழுந்தால் ஹியர். மனதைக் கொடுத்துக் கேட்டால் லிசின். வாய் திறந்து கேட்டால் ஆஸ்க். லிசினுக்குப் பின்னால் 'டு' வருவதை இப்படிச் சொன்னேன்: காதை ஒரு பக்கம் திருப்ப வேண்டும் அல்லவா, அந்தத் திருப்பம்தான் 'டு'. பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

நம் வாவியின் பாடும் மீன்களையும் உதாரணமாகச் சொன்னேன். 1924இல் கட்டிய நம் பழைய பாலத்தடியில், நிலவு நாளில், தோணியில் இருந்தபடி துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையில் காதை வைப்போமே, நினைவிருக்கிறதா? எவ்வளவு நேரம் மூச்சடக்கி லிசின் செய்தோம்! அந்த முனகல் வந்த கணம்தான் ஹியர்.

இரவல் வாங்கினால் பொறோ, கொடுத்தால் லெண்ட் என்பது இரண்டு நாளில் பழகிவிடும். நிழல்தான் கொஞ்சம் படுத்துகிறது. வெயிலுக்கு ஒதுங்கும் மர நிழல் ஷேட், முற்றத்தில் உருவம் தெரிய விழும் நிழல் ஷடோ. பழைய ஆங்கிலத்தில் இவை ஒரே சொல்லின் வேற்றுமை வடிவங்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களும் ஒரு காலத்தில் நம்மைப் போல ஒரே நிழலைத்தான் வைத்திருந்தார்கள்! இதை வகுப்பில் சொன்ன அன்று, எப்போதும் பின்வாங்கில் குனிந்திருக்கும் ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். எங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்லித் தந்திருக்கலாம் மச்சான். பிழைக்கு அடி வாங்கினோமே தவிர, ஏன் பிழைத்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அப்புறம், விடுமுறைக்குப் பேத்தியையும் கூட்டிவருவதாக எழுதியிருந்தாயே, உறுதிதானா? நாளைச் சொன்னால் பௌர்ணமி பார்த்துத் தோணிக்குச் சொல்லி வைக்கிறேன். உன்னிச்சைக்கும் போவோம். அவளே இறங்கிக் குளிக்கட்டும்.

அன்புடன்,
உன் கல்லடி மச்சான்