பெங்களூர்ல சைக்கோடிராமா பண்றவங்களுக்கு: நம்ம நோட்ஸை ஒண்ணா சேப்போமா?

வணக்கம். சைக்கோடிராமான்னா வாழ்க்கைல இருக்கறத குரூப்ல நடிச்சு பாக்கற மனநல சிகிச்சை முறை. குரூப் நடத்துற டைரக்டர்ஸ், ட்ரெய்னிங்ல இருக்கறவங்க, கவுன்சிலிங்ல ரோல் ரிவர்சல் (இடம் மாறி இன்னொருத்தரா பேசறது) மட்டும் யூஸ் பண்றவங்க, எல்லாருக்கும் சேத்துதான் எழுதறேன். நான் இங்க தமிழ் பேசறவங்க குரூப்ல ஆக்சிலரியா, அதாவது மத்தவங்க காட்சில வர்ற ஆளா நடிச்சு குடுக்கறவங்கள்ல ஒரு ஆளா இருக்கேன்.

நம்ம ஊர் குரூப்ல அடிக்கடி பாக்கறது ஒண்ணு. ப்ரொடாகனிஸ்ட், அதாவது தன் கதைய நடிக்கறவங்க, இங்கிலீஷ்ல ஆரம்பிப்பாங்க, ஆபீஸ் பழக்கம். அம்மாவா மாறி அந்த சேர்ல உக்காருங்கன்னதும் யாரும் சொல்லாமலே தமிழ் வந்துடும், குரல் எறங்கிடும், கை தானா முந்தானைய இழுத்து விடும். திரும்ப தன் சேருக்கு வந்தா சில பேர் தமிழ்லயே பதில் சொல்வாங்க, சில பேர் மறுபடி இங்கிலீஷுக்கு ஓடிடுவாங்க, கன்னடத்துல சண்ட போட்டுட்டு தமிழ்ல அழறவங்களும் உண்டு. அப்போ டபுள் பண்றவங்க, அதாவது பக்கத்துல நின்னு அவங்க மனசுல இருக்கறத அவங்களாவே சொல்றவங்க, எந்த மொழில பேசணும்? மொழி மாறினா அந்த உணர்ச்சி அறுந்து போகுதா? இத கேக்க பெங்களூர விட பொருத்தமான ஊர் எது சொல்லுங்க. ஆனா எட்டு பத்து பேர் இருக்கற ஒரு குரூப்ப வெச்சு யாராலயும் பதில் சொல்ல முடியாது, அவங்கவங்க நோட்புக் அவங்கவங்க பீரோலயே கெடக்கு.

சைக்கோடிராமாவ உருவாக்கின மொரேனோ 1921ல வியன்னால மேடை போட்டதோட நிக்கல, யாரு யார தேர்ந்தெடுக்கறாங்கன்னு கோடு போட்டு எண்ணி 1934ல புத்தகமாவே போட்டாரு. அளக்கறது நமக்கு வெளிலேந்து வந்த வேலை இல்ல. 2003ல கிப்பர், ரிச்சிங்கற ரெண்டு ஆய்வாளர்கள் 25 ஆய்வுகள சேத்து பாத்தப்போதான் டபுளிங்கும் ரோல் ரிவர்சலும் நல்லா வேலை செய்யுதுன்னு எண்ணிக்கையோட சொல்ல முடிஞ்சுது, தனித்தனியா இருந்திருந்தா அது வந்திருக்காது.

அதனால பெருசா ஒண்ணும் கேக்கல. எல்லாரும் ஒரே ஃபார்ம் யூஸ் பண்ணுவோம். மனக்கஷ்டம் எவ்ளோன்னு அளக்கற கோர்-ஓஎம்ங்கற ஃபார்ம்ல 34 கேள்வி, போன ஒரு வாரம் எப்படி இருந்துதுன்னு கேக்கும், குரூப் ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் ஒரு தடவ. தமிழ்லயும் கன்னடத்துலயும் கேள்வி சரியா போய் சேருதான்னு முதல்ல நாமளே உக்காந்து பாக்கணும். கூடவே ஒவ்வொரு செஷனுக்கு அப்புறமும் இன்னிக்கு எந்த நிமிஷம் உதவிச்சு, எது கஷ்டமா இருந்துதுன்னு அவங்க சொந்த மொழில அரைப் பக்கம்.

ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், ஷேரிங் (காட்சி முடிஞ்சதும் குரூப்ல எல்லாரும் மனசு விட்டு பகிர்றது) நடக்கும்போது பேப்பர நீட்டவே கூடாது, அது அவங்க நேரம். பேர் வேணாம், நம்பர் போதும், வாட்ஸப்ல எதுவும் போகக்கூடாது. 2017 ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) வழிகாட்டுதல்படி எதிக்ஸ் கமிட்டி அனுமதி வாங்கிட்டுதான் ஆரம்பிக்கணும். நிம்ஹான்ஸ் மாதிரி மனநல மருத்துவமனை இருக்கற ஊர்ல வழி கேக்க ஆள் இல்லாம போகாது.

யார்கிட்ட ட்ரெய்ன் ஆனோம்ங்கற போட்டிய தயவுசெஞ்சு இதுல கொண்டு வராதீங்க. சரியா வராத செஷனையும் எழுதுங்க, எனக்கு அதுதான் முக்கியம்னு படுது. முதல் மீட்டிங் அல்சூர் பக்கம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல வெச்சுக்கலாம், வர்றவங்க உங்க ஃபார்ம், நோட்ஸ் எழுதற முறை ரெண்டையும் ஒரு காப்பி கொண்டு வாங்க, க்ளையண்ட் விஷயம் எதுவும் வேணாம், வெறும் ஃபார்ம் மட்டும்.