கிரீஸ் டப்பாவோடு வந்த பெரியவருக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கடைசி மூட்டையையும் நேற்று தைத்துவிட்டோம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற ஹாப் பூவைச் சூளையில் உலர்த்தும் கட்டடம்தான் எங்கள் ஓஸ்ட் வீடு. இந்தச் செப்டம்பரில் நெருப்பைக் கூட்டிக் கூட்டியும் பூ சரியாகக் காயாமல் அங்கே நாங்கள் பட்ட பாடு உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேல்தளத்தில் ஹாப் வாசம் இருக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, யாரும் கூப்பிடாமலே பக்கத்துப் பண்ணையிலிருந்து வந்த பெரியவருக்கு. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "நெருப்பில் குறையில்லை, கவுல் திரும்பவில்லை" என்றார். சூளையின் கூம்புக் கூரை உச்சியில் இருக்கிற வெள்ளை மரத்தொப்பிதான் கவுல். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அதன் வாய் அதற்கு மறுபக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் கீழிருந்து ஏறும் சூடு பூவை ஊடுருவி ஈரத்தை வெளியே இழுத்துப் போகும். இறுகி நின்றுவிட்டால் காற்று உள்ளே அடிக்கும். ஆவி திரும்பி மேலடுக்கில் தண்ணீராக இறங்கும். பூ காயாமல் வெந்து பழுப்பேறிவிடும். பறித்த பூவில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதைப் பத்து சதவீதத்துக்குக் கொண்டுவர, 60 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் எட்டு முதல் பத்து மணி நேரம் பிடிக்கும். காற்றோட்டம் இல்லாமல் நெருப்பை மட்டும் கூட்டுவது பெரிய தவறு. அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கையோடு கொண்டுவந்த கிரீஸ் டப்பாவைக் கொடுத்து, நடுத்தண்டு சுழலும் இடத்தில் எங்கே தடவுவது என்று காட்டினார். கவுல் திரும்பியது. அதோடு போய்விடவில்லை, விடியும்வரை இருந்தார். குவியலின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஒவ்வொரு கைப்பிடி எடுத்தார். "இதழ் சலசலத்தால் போதாதப்பா, நடுக்காம்பை வளைத்துப் பார்" என்றார். காம்பு முறிந்தால் காய்ந்துவிட்டது. வளைந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது, மூட்டைக்குள் சூடேறிப் பூசணம் பிடிக்கும். காய்ந்ததைச் சூட்டோடு அழுத்தவும் விடவில்லை. மொறுமொறுப்பாக இருக்கும்போது அழுத்தினால் இதழ் நொறுங்கி, மணமும் கசப்பும் அடங்கிய மஞ்சள் தூள் உதிர்ந்துபோகும். ஆறவிட்டு, காற்றின் ஈரத்தைக் கொஞ்சம் வாங்கிப் பூ மெத்தென்று ஆன பிறகுதான் அழுத்த விட்டார்.

16ஆம் நூற்றாண்டில், இன்றைய பெல்ஜியத்தை ஒட்டிய ஃபிளாண்டர்ஸ் பக்கமிருந்து ஹாப் சாகுபடி இங்கே வந்தது. 1870களில் இங்கிலாந்தில் 70,000 ஏக்கருக்குமேல் ஹாப் இருந்தது. அறுவடைக்கு லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். உலர்த்துபவர் பருவம் முடியும்வரை ஓஸ்ட் வீட்டிலேயே படுத்து, இரவில் எழுந்து எழுந்து பூவைத் தொட்டுப் பார்ப்பார். அந்தக் கைப்பழக்கம் கண்ணெதிரே இருந்து கற்றுத் தந்தால்தான் அடுத்தவருக்கு வரும். பெரியவர் எங்களுக்குத் தந்தது அதைத்தான்.

பச்சைப் பூ சாக்கில் சூடேறுமுன் ஓடி ஓடித் தூக்கியவர்கள், சூளைத் தளத்தில் விரிக்கக் குதிரைமயிர்த் துணி கொடுத்தவர்கள், பூவை வாரக் கித்தான் முறம் கடன் தந்தவர்கள், நள்ளிரவில் தேநீர் கொண்டுவந்த அக்காமார், கை வலிக்க மூட்டை தைத்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் வணக்கம்.

அடுத்த ஆகஸ்டில் நெருப்பு மூட்டுமுன் ஒவ்வொரு கவுலையும் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். ஐயா, டப்பாவில் பாதி மிச்சம் இருக்கிறது. ஏணிக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஓஸ்ட் வீட்டுக்காரர்கள், கென்ட்