ஒட்டிப் பிறந்த குழந்தைகளை வண்டியில் ஏற்றும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒட்டிப் பிறந்த இரட்டையர் பற்றிய செய்திகளில் ‘மேல்சிகிச்சைக்காக உடனடியாக அனுப்பி வைக்கப்பட்டனர்’ என்ற வரி அடிக்கடி வருகிறது. அந்த ‘உடனடியாக’தான் எங்களுக்குக் கவலை. ஒரு குழந்தை உயிருக்குப் போராடினாலோ, குடல் அடைபட்டிருந்தாலோ, தொப்புளைச் சுற்றிய மெல்லிய உறை கிழிந்து குடல் வெளியே வந்திருந்தாலோ அவசரப்படுவது நியாயம். மற்றபடி பிரிப்பு அறுவை சில மாதங்கள் கழித்தே நடக்கும். மூச்சு, உடல் சூடு, ரத்தச் சர்க்கரை மூன்றும் நிலைப்படாமல் வண்டி கிளம்பக் கூடாது.

ஒட்டியிருப்பது முதல் மூன்று மாத ஸ்கேனிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். தெரிந்தால் குழந்தைகள் அறுவை சிகிச்சை வசதியுள்ள இடத்துக்குத் தாயை முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். வயிற்றுக்குள் இருக்கும்போது போகிற பயணத்துக்கு வென்டிலேட்டரும் வேண்டாம், சிலிண்டரும் வேண்டாம்.

பிறந்த பிறகு அனுப்ப நேர்ந்தால் எல்லாமே இரண்டிரண்டாக வேண்டும்: குழு, மானிட்டர், சிரிஞ்ச் பம்ப், மூச்சுக் கருவி, கேஸ் ஷீட். ஒரு குழந்தைக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம் என்று நிறம் பிரித்து, கால் பட்டை, டிரிப் டியூப், சிரிஞ்ச், நர்ஸின் கைப்பட்டை வரை ஒட்டிவிட வேண்டும். ‘இடது குழந்தை’, ‘வலது குழந்தை’ என்று பேசவே கூடாது. எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு இரண்டும் மாறிவிடும்.

தவறு அதிகம் நேர்வது மருந்தில். இருவரின் ரத்த ஓட்டமும் கலந்திருந்தால் ஒருவருக்குப் போடும் ஊசி மற்றவரையும் சேரும். ஒரு குழந்தைக்குக் கொடுத்த மயக்க மருந்தால் சற்று நேரம் கழித்து மற்றொன்றின் மூச்சு மந்தமாகலாம். எடையையும் தனித்தனியே பார்க்க வழியில்லை. சேர்த்து 4 கிலோ என்றால் தலைக்கு 2 கிலோ என்று வைத்துக் கணக்கிட்டு, சிறிது சிறிதாகக் கொடுத்து, இருவரையும் கவனிக்க வேண்டும். சர்க்கரையை மட்டும் இருவருக்கும் தனித்தனியே குத்திப் பார்ப்பதே சரி. ஒருவரின் அளவை வைத்து மற்றவரை ஊகிக்கக் கூடாது. நெஞ்சு ஒட்டியவர்களுக்கு ஈசிஜி அலைகள் கலந்து வரும் என்பதால் ஆளுக்கொரு பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டாயம்.

முகம் பார்த்து ஒட்டியவர்கள் ஒருக்களித்துத்தான் படுப்பார்கள். கழுத்து பின்னால் வளைந்து மூச்சுப் பாதை குறுகும். கீழிருக்கும் கை உடலுக்கடியில் சிக்கும். காதும் இடுப்பும் அழுந்திப் புண்ணாகும். துணிச்சுருளால் முட்டுக் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். தூக்கும்போது ஆளுக்கொரு குழந்தையைத் தாங்க, மூன்றாமவர் குழாய்களைப் பிடித்துக்கொண்டு எண்ணிச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தையை மட்டும் பிடித்துத் தூக்கினால் ஒட்டிய இடம் இழுபடும். ஒருவரின் குட்டி விரல்கள் மற்றவரின் மூச்சுக் குழாயைப் பற்றி உருவிவிடுவதும் உண்டு. கைகளுக்குத் துணி உறை போடுங்கள்.

தொப்புள் உறை வெளியே தெரிந்தால் வெதுவெதுப்பான சலைன் நனைத்த துணியால் மூடி, அதன்மேல் சுத்தமான பிளாஸ்டிக் உறை சுற்ற வேண்டும். வெறும் ஈரத்துணி குழந்தையைக் குளிர வைத்துவிடும். உடல் சூடு 36.5க்கும் 37.5 டிகிரி செல்சியஸுக்கும் இடையில் நிற்க வேண்டும்.

சாதாரண பயண இன்குபேட்டரில் இவர்கள் அடங்காமல் போகலாம். கிளம்பும் அன்று அல்ல, முந்தைய நாளே குழந்தைகளின் நீள அகலத்தை அளந்து, இன்குபேட்டர் கதவு, லிஃப்ட், வண்டியின் பின்வாசல் மூன்றோடும் ஒப்பிட வேண்டும். இரண்டு பொம்மைகளைச் சேர்த்துத் தைத்து, வார்டிலிருந்து வண்டி வரை ஒருமுறை ஒத்திகை பார்த்தால் எந்த ஒயர் எட்டாது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஆக்சிஜன் கணக்கு எளிது. ஆளுக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் என்றால் இருவருக்கும் 10. இரண்டு மணி நேரத்துக்கு 1,200. வழியில் தாமதமானால் சமாளிக்க இரு மடங்காக 2,400 லிட்டர். வென்டிலேட்டர் ஓடுவதற்கே செலவாகும் வாயுவைத் தனியே கூட்ட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

தாயின் ரத்த மாதிரி, ஸ்கேன் படங்கள், பெற்றோரின் ஒப்புதல் கடிதம் ஆகியவையும் கூடவே போக வேண்டும். சிசேரியன் ஆன தாயால் உடனே வர முடியாவிட்டால் பிழிந்தெடுத்த சீம்பாலைக் குளிர்ப்பெட்டியில் அனுப்பலாம், சிவப்பு ஒட்டிய புட்டி ஒன்று, நீலம் ஒட்டிய புட்டி ஒன்று.

இப்படிக்கு,
பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைச் செவிலியர்கள்