செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களே, நிர்வாக சபை உறுப்பினர்களே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் அங்கத்தவர்களே,

அறிக்கைக்கு முன் ஒரு அஞ்சலி. 2025 தை மாதம் 17ஆம் திகதி குழந்தை ம. சண்முகலிங்கம் ஐயா காலமானார். 1978இல் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கியவர். அவர் உழைத்தது தமிழ் அரங்குக்கு, நாங்கள் போடுவது ஆங்கில நாடகம். ஆனாலும் எங்களில் சிலருக்கு மேடையில் நிற்கவும் மூச்சு எடுக்கவும் பழக்கியவர்கள் அவரிடம் பழகியவர்கள்தான். அந்தக் கடன் எங்களுக்கு உண்டு.

ஆண்டு வேலைகளுக்கு வருகிறேன். நிர்வாக சபை நான்கு தடவை கூடியது. பாடசாலை மாணவருக்கான ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி இரண்டு சனிக்கிழமைகளில் நடந்தது. ஷேக்ஸ்பியர் வாசிப்பு ஒரு மாலை நடந்தது, கூட்டம் பரவாயில்லை. நவம்பர் கடைசி வெள்ளத்தில் மண்டபத்துக்குப் போகும் வழி முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் மார்கழி நிகழ்ச்சியைக் கைவிட்டோம். அதற்குக் கொடுத்த முற்பணத்தில் பாதி திரும்பி வந்தது.

சொல்ல வேண்டிய பெரிய விஷயம், நாங்கள் போடாமல் விட்ட நாடகம். அயர்லாந்துக்காரரான ஜே. எம். சிங் எழுதிய 'ரைடர்ஸ் ரு த சீ' 1904இல் டப்ளினில் முதலில் மேடையேறியது. ஒரே அங்கம், அரை மணித்தியாலத்துக்குள் முடியும். அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் ஒரு தீவு. மோரியா என்ற கிழவி புருஷனையும் ஐந்து ஆண்பிள்ளைகளையும் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிய கடைசி மகனைப் போகாதே என்று மறிக்கிறாள். அவன் குதிரைச் சந்தைக்குப் போயே ஆக வேண்டும் என்று நிற்கிறான். பகிடி நாடகம் போட்டால்தான் சனம் வரும் என்று சபையில் சிலர் சொன்னார்கள். நான் இதைத்தான் போட வேண்டும் என்று நின்றேன். இன்றும் அப்படியே நிற்கிறேன். எங்கள் மீன்பிடிக் கரைகளான குருநகரிலும் பாசையூரிலும் மயிலிட்டியிலும் இந்தக் கதையை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்த்த பிள்ளைக்கு, தீவுக்காரன் ஒருவன் குதிரையைக் கடல் கடத்திக்கொண்டு போவது புதினமும் இல்லை.

முதல் வாசிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். தெற்கும் மேற்குமாகக் காற்று எழும்புகிறது, இன்றைக்கு அவன் போகமாட்டான் என்று கிழவி சொல்லும் இடம் வந்தது. கரையோரக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி ஆங்கிலப் பிரதியிலிருந்து தலையை எடுத்து, "சேர், அது சோளகம்" என்றாள். தென்மேற்குக் காற்றுக்கு எங்கள் கரையில் அதுதான் பெயர். அதற்குப் பிறகு அந்த வசனத்தை யாருக்கும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளுக்கே மோரியாவின் மகள் நோராவின் பாத்திரத்தைக் கொடுத்தோம். கரை ஒதுங்கிய உடல் ஒன்றிலிருந்து எடுத்து வந்த காலுறையின் தையலை எண்ணி, அது தன் தமையன் மைக்கேலுடையதுதான் என்று நோரா கண்டுபிடிக்க வேண்டும். தான் பின்னியபோது நான்கு தையலை விட்டது அவளுக்கு நினைவிருக்கிறது. இந்தப் பிள்ளை காலுறையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடிக்கவில்லை. மடியில் விரித்து, கிழிந்த வலையில் கண் பார்ப்பதுபோல் பெருவிரலால் ஒவ்வொன்றாகத் தள்ளி எண்ணினாள். "நான் போட்ட கண் எனக்குத் தெரியாதோ?" என்று கேட்டாள். நாங்கள் ஐந்து பேர் இருந்தோம், ஒருவரும் பேசவில்லை.

ஐந்து பேர் என்பதைக் கவனிக்கவும். அன்று வரவேண்டியவர்கள் பதினொரு பேர். ஒத்திகை ஞாயிறு பின்னேரம் நான்கு மணி என்று எல்லோரையும் கேட்டுத்தான் முடிவு செய்தோம். ஆறு ஞாயிறுகள் நடந்தன. எல்லோரும் ஒன்றாக நின்ற ஞாயிறு ஒன்றுகூட இல்லை. கடைசி மகன் பார்ட்லியாக நடிக்க ஒப்புக்கொண்டவர் இரண்டு தரம் வந்தார். மோரியாவாக நடித்த அம்மா கனடாவுக்குப் போனார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, மகளின் பேறுகாலம். ஆனால் மற்றவர்களுக்கு அப்படி ஒரு காரணமும் இல்லை. கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் நாடகம் பார்க்க இரவு பஸ் ஏறுகிறோம், வந்து வைபரில் படம் போடுகிறோம். நல்ல விஷயம், நானும் போகிறவன்தான். அதே ஆர்வத்தில் இரண்டு மணித்தியாலம் எங்கள் சொந்த ஒத்திகைக்கும் கிடைத்திருந்தால் இந்த நாடகம் ஆவணியில் மேடையேறியிருக்கும். பிந்தியதற்குச் செயலாளர்தான் காரணம் என்று பேச்சு இருப்பதால் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

கணக்கு விபரம் பொருளாளர் வைத்திருக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் வரவுக்கும் செலவுக்கும் ஏறக்குறைய சரி, சிறு தொகை வங்கியில் இருக்கிறது. மண்டப வாடகை, ஜெனரேற்றருக்கு டீசல், பிரதி எடுத்த காசு, தேத்தண்ணி, இவைதான் செலவு. பதிவேட்டில் 43 பேர் இருக்கிறோம். சந்தாவை முழுதாகக் கட்டியவர்கள் 17 பேர். மூன்று வருட நிலுவை உள்ளவர்களும் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்கப் போவதில்லை.

இனி 2025. மூன்று நாடகங்கள். மூன்று ஆசிரியர்களும் இறந்து எழுபது வருடத்துக்கு மேலாகிவிட்டதால் அவர்களுக்கு உரிமைப் பணம் கட்டத் தேவையில்லை. செக்கோவின் 'த புரொப்போசல்' ரஷ்ய நாடகம் என்பதால் மொழிபெயர்ப்பாளரின் உரிமையையும் பார்க்க வேண்டும். 1918இல் இறந்த ஜூலியஸ் வெஸ்ற் செய்த மொழிபெயர்ப்பை எடுத்திருக்கிறோம்.

பங்குனியில் அந்தச் செக்கோவ் நாடகம். பெண் கேட்டு வந்தவன் பெண்ணுடனேயே ஒரு புல்வெளி யாருடையது என்று சண்டை பிடிக்கிறான். எல்லை வேலிக்குக் கதியால் போட்டு வழக்காடிய ஊர் இது, சனம் சிரிக்கும். பகிடி கேட்டவர்களுக்காகவே முதலில் வைத்தேன்.

ஆனியில், சோளகம் வீசும் காலத்தில், 'ரைடர்ஸ் ரு த சீ'. யூலை கடைசியில் நல்லூர்க் கோயில் கொடி ஏறினால் திருவிழா 25 நாளும் வேறு எதுவும் செய்ய முடியாது. ஆதலால் திகதி பிந்தக்கூடாது.

புரட்டாதியில், மழைக்கு முன், தாகூரின் 'த போஸ்ட் ஒஃபிஸ்'. வைத்தியர் வெளியே போகக்கூடாது என்று சொன்ன அமல் என்ற சிறுவன் யன்னலடியில் இருந்து தயிர்க்காரனோடும் காவற்காரனோடும் கதைத்துக்கொண்டு ராசாவின் கடிதத்துக்குக் காத்திருக்கிறான். 1913இல் இதையும் ஆங்கிலத்தில் டப்ளினில் போட்டிருக்கிறார்கள். 1942 யூலையில் வார்சோவில், யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில், யானுஸ் கோர்ச்சாக் தன் அநாதை இல்லத்துப் பிள்ளைகளைக் கொண்டு இதை மேடையேற்றினார். மூன்று கிழமைக்குள் அவரையும் பிள்ளைகளையும் திரெப்ளிங்கா மரண முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வீட்டை விட்டு வெளிக்கிட முடியாமல் யன்னலடியில் வளர்ந்தவர்கள் எங்களிலும் இருக்கிறோம். அமலாக ஒரு சின்னப் பிள்ளையைத் தேடுகிறோம். ரியூசன் நேரத்தோடு மோதாமல் ஒத்திகை வைப்பது என் பொறுப்பு.

மண்டபம் தந்தவர்கள், ஒலி ஒளி பார்த்த தம்பிமார், பிரதி அடித்துத் தந்த தங்கச்சி, தேத்தண்ணி ஊற்றித் தந்த அக்கா, கணக்கைப் பிசகாமல் பார்த்த பொருளாளர், தலைவர், எல்லோருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. 'ரைடர்ஸ் ரு த சீ'யில் சவப்பெட்டிக்கென்று மேடையில் சாத்தி வைக்க வேண்டிய வெள்ளைப் பலகைகளை நான் என் காசில் வாங்கினேன். சீவிய பலகை ஐந்து, ஒவ்வொன்றும் ஆளுயரம். போன ஆனியிலிருந்து என் வீட்டு விறாந்தையில் கிடக்கின்றன. இரண்டு தரம் கறையான் தட்டினேன். வருகிற ஞாயிறு நான்கு மணிக்கு அவற்றை ஒத்திகை மண்டபத்துக்குக் கொண்டுவருவேன். தூக்க இரண்டு பேர் வேண்டும். பார்ட்லிக்கு ஒருவர் வேண்டும். அறுபது வயதைத் தாண்டிய, ஆங்கிலம் வாசிக்கக்கூடிய அம்மா ஒருவர் மோரியாவுக்கு வேண்டும். நிலுவைச் சந்தாவையும் அங்கேயே கட்டலாம், பற்றுச்சீட்டுப் புத்தகம் என்னிடம் இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்
யாழ்ப்பாணம்