ஆர்க்டிக் மலைகளுக்கான பயிற்சியை இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனைச் சேர்ந்த நம் இளைஞர்கள் நால்வர் அடுத்த ஆண்டு ஜூலை மாதம் கிரீன்லாந்துக்குச் சென்று பாறையேற்றமும் மலையேற்றமும் செய்யத் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று தங்கள் இதழில் சென்ற வாரம் வந்த செய்தியை இரண்டு முறை படித்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடரோடு நின்றுவிடாமல் அவ்வளவு தொலைவு போக நினைப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் விசா, விமான டிக்கெட் ஆகியவற்றை ஜனவரிக்குப் பிறகும், பயிற்சியை ஏப்ரலிலும் தொடங்கப்போவதாக அவர்கள் சொல்லியிருப்பதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் 31 ஆண்டுகள் நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். என் தங்கையின் மகளோடும் மகனோடும் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஒரு கோடையில் மலையேறித் திரும்பியவன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

வடதுருவப் பகுதியின் கோடை நமக்குக் குளிர்காலம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதிலிருந்து எழும் சிக்கலைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பனிக்கோடரியைப் பிடிக்கவும், பூட்ஸின் அடியில் கட்டும் முள்பட்டையான க்ராம்பானோடு உறைபனியில் நடக்கவும், வழுக்கி விழுந்தால் கோடரியைப் பனியில் குத்தி உடலை நிறுத்தவும் நம் நாட்டில் கற்றுக்கொள்ள இடம் உண்டு. டிராக்கன்ஸ்பர்க்கின் ஜயன்ட்ஸ் காசில் பகுதியில் தெற்கு நோக்கிய மலைப்பிளவுகளில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீர் உறைந்து ஏறத்தக்க பனிக்கட்டியாக நிற்கும். அந்த இரண்டு மாதங்களை விட்டால் அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டின் அதே மாதங்களிலோ அவர்கள் கிரீன்லாந்தில் இருப்பார்கள். ஆகவே ஏப்ரலில் பயிற்சி தொடங்கினால், பனியை ஒருமுறைகூட மிதிக்காமல்தான் விமானம் ஏற வேண்டியிருக்கும். இப்போது மே மாதம் முடியப்போகிறது. அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே குளிர்காலம் இன்னும் சில நாள்களில் தொடங்குகிறது.

பனியாற்றைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் கடினம். தென்னாப்பிரிக்காவில் பனியாறு ஒன்றுகூடக் கிடையாது. மேலே பனி மூடி, கீழே ஆழமாகப் பிளந்து கிடக்கும் வெடிப்பில் ஒருவர் விழுந்தால், மற்றவர்கள் பனியில் பிடிமானம் அமைத்து, கயிற்றைக் கப்பிமுறையில் கட்டி அவரை மேலே இழுக்க வேண்டும். அந்த முடிச்சுகளையும் முறையையும் வீட்டு மாடியிலோ மோண்டிசீல் பாறையிலோ நூறுமுறை செய்து கை பழக்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் பழகினோம். ஆனாலும் பனிப்பிளவை முதன்முதலாகப் பார்க்கும்போது பக்கத்தில் அனுபவப்பட்ட வழிகாட்டி ஒருவர் இருக்க வேண்டும்.

இதனால்தான், எந்த மலைக்குப் போகலாம் என்று முடிவு செய்யும்போது சிகரத்தின் உயரத்தைவிட, கால் முறிந்தால் உதவி எத்தனை மணி நேரத்தில் வரும் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்கிறேன். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள மலைகளில் மிக உயரமானது கிரீன்லாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள குன்பியோர்ன் சிகரம். அதன் உயரம் 3694 மீட்டர். 1935-இல் முதன்முதலாக அதன் உச்சி தொடப்பட்டது. நம் நாட்டின் மிக உயரமான சிகரமான மஃபாடி 3451 மீட்டர் என்பதால் இரண்டையும் ஒப்பிட்டு, இன்னும் 250 மீட்டர்தானே என்று நினைக்கத் தோன்றும். மஃபாடியிலிருந்து ஓரிரு நாளில் நடந்தே கீழே வந்துவிடலாம். குன்பியோர்னுக்கோ பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய சிறு விமானத்தில்தான் பொதுவாகப் போகிறார்கள். வானிலை கெட்டால் அந்த விமானம் திரும்பி வரும்வரை கூடாரத்தில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். கனடாவின் பாஃபின் தீவில் உள்ள தோர் மலையின் செங்குத்துச் சுவர் 1250 மீட்டர். அதைப் படத்தில் பார்த்து மயங்காத பாறையேற்றக்காரர் இருக்க முடியாது. ஆனால் அங்கே கடற்கழியில் பனி உடைந்து விலகும்வரை படகு போகாது. கோடையில் பனியாறுகள் உருகிப் பெருகும் நீரோடைகளை, வெயில் ஏறி நீர் உயரும் முன் கடந்தாக வேண்டும். முதல் பயணத்துக்கு இவை எதுவும் பொருந்தாது.

முதல் பயணத்துக்கு நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளே ஏற்றவை என்பது என் உறுதியான கருத்து. 68 பாகை வடக்கில், ஆர்க்டிக் வட்டத்துக்கு நன்கு உள்ளே இருந்தும், வெப்பக் கடல்நீரோட்டத்தால் அங்கே ஜூலையில் 12, 13 டிகிரி வெப்பம் இருக்கும். பாறைக்கு அருகிலேயே சாலை உண்டு. ஊரில் மருத்துவமும் உண்டு. பனிக்கரடி கிடையாது. ஸ்வோல்வார் ஊருக்கு மேலே ஆட்டின் இரு கொம்புகள்போல் நிற்கும் ஸ்வோல்வார்கைட்டா என்னும் பாறைத்தூண் 1910-இல் முதலில் ஏறப்பட்டது. ஒரு கொம்பிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்காகவே இன்றும் பலர் அங்கே வருகிறார்கள். அதில் முதலில் ஏறிய மூவரும் அதே ஆண்டு, கடலோரத்திலிருந்து 1392 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஸ்டேடின்ட் மலையின் உச்சியையும் முதன்முதலாகத் தொட்டார்கள். அம்மூவரில் ஒருவரான ரூபென்சன் அதற்கு 3 ஆண்டுகள் முன்பு நம் இமயமலையில் கப்ரூ சிகரத்தில் முயன்றவர் என்று அறிந்தபோது, அந்தத் தொலைதூர ஊர் எனக்குக் கொஞ்சம் நெருங்கி வந்ததுபோல் இருந்தது. நள்ளிரவுக் கதிரவன் அங்கே ஏறக்குறைய ஜூலை நடுப்பகுதிவரை தெரியும். நம் பள்ளி, கல்லூரிகளின் நடுவாண்டு விடுமுறையோடு இது ஒத்துப்போவதும் ஒரு நன்மை. பனியாற்றில் நடந்து பழக வேண்டுமானால், அதற்கு வடகிழக்கே லிங்கென் மலைகளில் வழிகாட்டியோடு சில நாள்களைச் செலவிடலாம்.

நாங்கள் லோஃபோட்டனுக்குப் போனது எங்கள் அறிவால் அன்று, ஒரு தவறால்தான். முதலில் நாங்களும் கிழக்குக் கிரீன்லாந்துக்கே திட்டமிட்டோம். எங்களுக்கு விசா எடுத்துத் தந்த ஏஜெண்ட், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். கிரீன்லாந்து டென்மார்க்கின் ஆட்சிக்கு உட்பட்டதாயினும் ஷெங்கன் பகுதிக்குள் வராது. கிரீன்லாந்துக்குச் செல்லுபடியாகும் என்று விசாவிலேயே தனியாக எழுதியிருக்க வேண்டும். கோபன்ஹேகன் வழியாகப் போய்த் திரும்புவதால் ஷெங்கன் விசாவும் பலமுறை நுழைவதற்கு உரியதாக இருக்க வேண்டும். புறப்படுவதற்கு 20 நாள் முன்பு என் தங்கை மகன் தற்செயலாகப் படித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். டிக்கெட் பணம் போயிற்று. அந்த ஆண்டு பயணமும் போயிற்று. நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டுக்கும் இதுபோல ஒரு சிக்கல் உண்டு: அந்தத் தீவுகளுக்கு விசாவே தேவையில்லை, ஆனால் ஓஸ்லோ வழியாகப் போய்த் திரும்பும் நமக்கு இருமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வோம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். எனவே ஜனவரி என்ற அவர்களுடைய கணக்கு விசாவுக்கு மட்டும் சரி. காப்பீட்டையும் வரிவரியாகப் படிக்க வேண்டும். விசாவுக்காக எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீட்டில், கயிறு கட்டி ஏறும் மலையேற்றம் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும்.

இனி, புத்தகங்களில் நான் பார்க்காத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்வோல்வாருக்கு மேலே ஒரு நாள் மாலை மேகம் தாழ்ந்து எங்களைச் சூழ்ந்துகொண்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. என் தங்கை மகள் டர்பனில் வாங்கிய திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். முள்ளின் சிவப்பு முனை தலையைக் கவிழ்த்துக்கொண்டு கூட்டின் அடித்தட்டில் உரசி நின்றது. அவள் எந்தப் பக்கம் திரும்பினாலும் முள்ளும் கூடவே திரும்பியது. "மாமா, முள்ளு செத்துப்போச்சு" என்றாள். பூமியின் காந்தப்புலம் வடக்கே போகப்போக முள்ளின் வடமுனையைக் கீழ்நோக்கி இழுக்கும். தெற்கிலோ தென்முனையை இழுக்கும். தெற்கில் விற்கும் திசைகாட்டிகளில் அதை ஈடுசெய்ய வடமுனைப் பக்கம் சற்று எடை சேர்த்திருப்பார்கள். வடக்கே கொண்டுபோனால் அந்த எடையும் காந்தப்புலமும் சேர்ந்து அதே முனையை அழுத்துகின்றன. வாழ்நாள் முழுவதும் திசைகாட்டியோடு வேலை செய்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. கூட்டைச் சாய்த்துச் சாய்த்து, முள் ஒரு நொடி விடுபடும் நேரம் பார்த்து வழி கண்டு இறங்கினோம். அத்தோடு, நம் பகுதியில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் 25 பாகை மேற்கே விலகியிருக்கும். லோஃபோட்டனில் அது சில பாகை கிழக்கே இருக்கிறது. பழக்கத்தில் நம் ஊர்க் கணக்கையே போட்டால் 30 பாகைக்குக் குறையாத பிழை வரும்.

கதிரவனை வைத்துத் திசை அறியும் நம் வழக்கமும் அங்கே செல்லாது. நண்பகலில் வெயில் வடக்கே நிற்பதையே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். அங்கே நண்பகலில் அது தெற்கிலும் நள்ளிரவில் நேர் வடக்கிலும் நிற்கும். தெற்குச் சரிவில்தான் பனி தங்கும் என்ற டிராக்கன்ஸ்பர்க் அறிவை அங்கே தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது இருட்டு இல்லாமை. நம் மலைகளில் பொழுது சாய்வதைப் பார்த்துத் திரும்பிவிடுவோம். அங்கே அப்படி எச்சரிக்க இருட்டே வராது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று 18 மணி நேரம் ஏறிவிட்டு, இறங்கும்போது கயிற்று முடிச்சைத் தவறாகப் போடும் அளவுக்குக் களைத்துப்போகிறார்கள். எங்கள் மூவரில் ஒருவருக்கு அது நடந்தது. மற்றவர் முடிச்சைத் தொட்டுப் பார்த்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து 12 மணி நேரம் ஆனதும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று முடிவு செய்துகொண்டோம்.

சிறு செய்திகளும் சில உண்டு. பாறையில் கறுப்பாகச் சுருண்டு ஒட்டியிருக்கும் கற்பாசி, காய்ந்திருக்கும்போது காலுக்கு நல்ல பிடிப்புத் தரும். தூறல் விழுந்த ஐந்து நிமிடத்தில் சோப்புபோல் வழுக்கும். கடலோரப் பாறைகளில் கூடு கட்டியிருக்கும் ஃபுல்மார் பறவை, அருகே சென்றால் நாறும் எண்ணெயை நம் மேல் கக்கும். பில்டாங் என்னும் நம் ஊர் உலர்த்திய இறைச்சியை எடுத்துப் போகக் கூடாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர நார்வேயில் தடை உண்டு. என் தங்கை செய்து கொடுத்த பொரிவிளங்காய் உருண்டை 16 நாளும் கெடாமல் இருந்தது. அதுவே எங்களைத் தாங்கியது. எரிவாயு டப்பாவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே போய்த்தான் வாங்க வேண்டும். அந்த 16 நாளில் மழை, காற்று போக எங்களுக்கு ஏறக் கிடைத்தவை 7 நாள்கள்தாம்.

கிரீன்லாந்துக்குப் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டாம் பயணமாக, பனியாறு பழகிய பிறகு, பனிக்கரடிக்காக இரவெல்லாம் முறைவைத்துக் காவல் இருக்க வேண்டும் என்பதையும் அறிந்துகொண்டு போகட்டும். நால்வர் மட்டும் போனால் அந்தக் காவலாலேயே தூக்கம் எவ்வளவு குறையும் என்று இப்போதே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

நானும் என் தங்கை பிள்ளைகளும் வரும் ஜூலையில், பள்ளி விடுமுறையின் முதல் வாரம், ஜயன்ட்ஸ் காசில் செல்கிறோம். அந்த நால்வரும் எங்களோடு வரலாம். பனிக்கோடரிகள் போதிய அளவு உள்ளன. க்ராம்பான் மூன்று சோடி கூடுதலாக இருக்கிறது, நான்காவதை மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொண்டால் போதும். வடபகுதிக்கென்று செய்த திசைகாட்டி ஒன்றும் என்னிடம் உண்டு. அடுத்த ஆண்டு அதை அவர்களே எடுத்துச் செல்லட்டும். தங்கள் அலுவலகத்தில் என் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அருள்கூர்ந்து அதை அவர்களிடம் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.